பிளாஸ்டிக்கும் வெப்பத் துடிப்பும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் தாழ்வாரத்து இரும்புக் கதவைத் திறப்பதற்காகக் கை வைத்தால் சில்லென்கிறது. அதே தாழ்வாரத்தில் இரவு முழுவதும் கிடந்த பிளாஸ்டிக் வாளியைத் தொட்டால் அவ்வளவு குளிர்ச்சி தோன்றுவதில்லை. இரண்டும் ஒரே காற்றில் கிடந்தவை. ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அங்ஙனமாயின் நம் கை ஒன்றைக் குளிர்ச்சி என்றும் மற்றொன்றை அப்படி இல்லை என்றும் சொல்வது ஏன்?

கை பொய் சொல்லவில்லை. அது வேறொன்றை அளக்கிறது. நம் உடல் அந்த இரும்பைவிடச் சூடானது. கை பட்டவுடன் கையின் வெப்பம் இரும்பினுள் விரைந்து பாய்ந்து உள்ளே போய்விடுகிறது. இரும்பு மேலும் மேலும் கேட்டுக் கொண்டே இருக்கிறது. பிளாஸ்டிக்கிலோ, வெப்பம் புகுந்த இடத்திலேயே தயங்கி நிற்கிறது. தொட்ட இடம் விரைவிலேயே கையின் சூட்டை நெருங்கிவிடுகிறது. ஆகவே நம் விரல் உணர்வது பொருளின் வெப்பநிலையை மட்டும் அன்று. நம்மை விட்டு வெப்பம் ஓடும் வேகத்தையும்தான்.

நேயர்களே, தொட்ட அந்தக் கணத்தில் நாம் அறியாமலே ஒரு பரிசோதனையைச் செய்துவிட்டோம். சிறிதளவு வெப்பத்தைத் திடீரென்று கொடுத்து, அது எவ்வாறு போகிறது என்று பார்த்தோம். இதையே நுட்பமான கருவிகளைக் கொண்டு செய்து, பிளாஸ்டிக்கின் வெப்பக் குணங்களை எண்களால் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அந்தக் குணங்கள் யாவை என்று பார்ப்போம். அவை மூன்று. எங்கள் செங்கற்பட்டுப் பகுதி ஏரிகள் நிறைந்தது. ஆதலால் ஏரிப் பாசனத்தையே உவமையாகக் கொள்கிறேன். மதகைத் திறந்தால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது வாய்க்காலின் அகலத்தைப் பொறுத்தது. வெப்பத்துக்கு அந்த அகலம் போன்றது கடத்துதிறன். ஒரு மீட்டர் தடிமனும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள ஒரு பலகையின் இரு முகங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், வினாடிக்கு எத்தனை ஜூல் வெப்பம் கடந்து செல்கிறது என்பதே கடத்துதிறனின் எண். செம்பில் அது ஏறத்தாழ 400. இரும்பில் 80. கண்ணாடியில் 1. தண்ணீரில் 0.6. வாளியும் குடமும் செய்யப் பயன்படும் பாலிப்ரொப்பிலீனில் ஏறத்தாழ 0.2. குளிர்ப்பெட்டிகளின் சுவரில் நிரப்பப்படும் பாலியூரித்தேன் நுரையிலோ 0.025 அளவே.

இரண்டாவது குணம் தன்வெப்பம். தண்ணீர் ஓடும் வழியில் காய்ந்த மண் அதில் ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது அன்றோ? அந்தத் தாகம் போன்றது இது. ஒரு கிராம் செம்பை ஒரு டிகிரி சூடேற்ற 0.39 ஜூல் போதும். ஒரு கிராம் பாலிஎத்திலீனுக்கு 2 ஜூல் வேண்டும். அஃதாவது பிளாஸ்டிக்கில் வாய்க்காலும் குறுகியது. கிராமுக்குக் கிராம் மண்ணின் தாகமும் பெரிது.

மூன்றாவது குணம் பரவுதிறன். மதகு திறந்த எத்தனை நேரத்தில் கடைமடை வயல் தண்ணீரைக் காணும் என்பது போன்றது அது. அகலமும் தாகமும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. கடத்துதிறனை, தன்வெப்பத்தையும் அடர்த்தியையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் பரவுதிறன் கிடைக்கும். செம்பில் அது வினாடிக்கு ஏறத்தாழ 115 சதுர மில்லிமீட்டர். சாதாரணப் பிளாஸ்டிக்குகளில் 0.1 அளவு. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு.

இந்த மூன்றையும் எப்படி அளப்பது? பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் கற்பித்த ஆண்டுகளில், செம்பு, இரும்பு, கண்ணாடி முதலிய கோல்களில் மெழுகைத் தடவி, ஒரு முனையை வெந்நீரில் நிறுத்தி, மெழுகு எவ்வளவு தூரம் உருகுகிறது என்று காட்டுவது வழக்கம். இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு அறிஞர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த பரிசோதனை அது. ஒரு முறை ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, பிளாஸ்டிக் கோலை வைத்தால் மெழுகு எப்போது உருகும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. உடனே ஒரு பிளாஸ்டிக் கோலையும் சேர்த்து வைத்தோம். வகுப்பு முடிந்து மணி அடித்தது. வெந்நீருக்கு மேலே இருந்த மெழுகு அசையவே இல்லை. ஆனால் வெந்நீருக்குள் இருந்த முனை இளகி வளையத் தொடங்கியிருந்தது. பிளாஸ்டிக்கை அளப்பதில் உள்ள சங்கடம் முழுவதையும் அந்த ஒரு கோல் எங்களுக்குச் சொல்லிவிட்டது.

கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் அரிதிற் கடத்திகளுக்கு வேறொரு முறை உண்டு. லீஸ் என்னும் ஆங்கிலேயப் பௌதிக அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. பரிசோதிக்க வேண்டிய பொருளை மெல்லிய வட்டத் தகடாக வெட்டி, இரண்டு பித்தளை வட்டுகளுக்கு நடுவே வைப்பார்கள். மேலே நீராவி பாயும். கீழ் வட்டு மெல்ல மெல்லச் சூடாகும். மேலும் கீழும் வெப்பநிலை மாறாமல் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்து, பிறகு கணக்கிட வேண்டும். பி.எஸ்ஸி. படித்தவர்கள் பலர் இதன் அருகே கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நினைவை மறந்திருக்க மாட்டார்கள்.

இது நேர்மையான முறையே. ஆயினும் பிளாஸ்டிக்குக்கு இதில் பல இடையூறுகள் உள்ளன. முதலாவது, நேரம். நிலை நிற்க ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகக்கூடும். அத்தனை நேரமும் ஓரங்களின் வழியே வெப்பம் காற்றில் கசிந்து கொண்டிருக்கும். இரண்டாவது, சூடு. நீராவியின் வெப்பநிலை 100 டிகிரி. தண்ணீர்க் குழாய்களுக்குப் பயன்படும் பி.வி.சி. 80 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். இளகிய பிளாஸ்டிக்கின் குணம் வேறு. இறுகிய பிளாஸ்டிக்கின் குணம் வேறு. மூன்றாவது, ஈரம். நுரை போன்ற பொருளில் சிறிதளவு ஈரம் இருந்தால், நெடுநேரம் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக வைக்கும்போது அந்த ஈரம் சூடான பக்கத்தை விட்டுக் குளிர்ந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடும். முடிவில் நாம் அளப்பது, நாம் வைத்த பொருளை அன்று. நம் பரிசோதனையால் மாறிப்போன பொருளை.

சந்தையில் மண்சட்டி வாங்குகிற பெண்மணி என்ன செய்கிறாள்? சட்டியை அடுப்பில் ஏற்றி ஒரு மணி நேரம் சமைத்துப் பார்ப்பதில்லை. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுகிறாள்; காது கொடுத்துக் கேட்கிறாள். நன்றாக வெந்ததா, கீறல் உண்டா என்பதை அந்த ஓசை சொல்லிவிடுகிறது. சட்டிக்கு ஒரு சேதமும் இல்லை. பிளாஸ்டிக்கையும் அவ்வாறே தட்டிப் பார்க்கலாம். தட்டுவது வெப்பத்தால், கேட்பது வெப்பமானியால். ஒரு கணம் மட்டும் கொடுக்கப்படும் அந்தச் சிறு வெப்பத்தையே வெப்பத் துடிப்பு என்கிறோம்.

வெப்பம் ஒரு பொருளைக் கடந்து வர நேரம் ஆகும் என்பது நமக்குப் பழகிய செய்தியே. சித்திரை வெயில் நடுப்பகலில் மொட்டைமாடியைத் தாக்குகிறது. ஆனால் கீழே அறையின் கூரை மிகவும் கொதிப்பது மாலையில்தான். ஆறு அங்குலக் காங்கிரீட் தளமானால், மேலே வெப்பம் உச்சத்தை அடைந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழிந்த பிறகே கீழே உச்சம் தெரியும். அந்தத் தாமதத்தையும் தளத்தின் தடிமனையும் மட்டும் ஒருவருக்குச் சொன்னால், காங்கிரீட்டின் பரவுதிறனை அவர் காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். சூரியன் எவ்வளவு வெப்பம் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதே இல்லை. இந்தக் கணக்கிற்கு அடிப்படையான சமன்பாட்டை ஃபூரியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

1961-இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கடற்படைக் கதிரியக்கப் பாதுகாப்புச் சாலையில் பணிபுரிந்த பார்க்கர், ஜென்கின்ஸ், பட்லர், அபட் என்னும் நால்வர் இக்கருத்தை மிக எளிய கருவியாக்கினர். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தகடு. அதன் முன்முகத்தில் ஒரு பளிச்சென்ற ஒளி, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக. பின்முகத்தில் ஒரு வெப்ப மின்னிரட்டை. ஒளியைத் தகடு திருப்பி வீசிவிடாமல் உள்வாங்கிக் கொள்ள வேண்டுமே, அதற்கு முன்முகத்தில் என்ன பூசினார்கள் தெரியுமா? கற்பூரத்தை எரித்துப் பிடித்த கரியை! நம் வீடுகளில் கற்பூரத் தட்டில் படிகிற அதே கரிதான்.

ஒளி பட்டதும் முன்முகம் சூடாகிறது. அந்த வெப்பம் தகட்டினுள் நடந்து பின்முகத்தை அடைகிறது. பின்முகத்தின் வெப்பநிலை மெல்ல ஏறி, ஓர் அளவில் நின்றுவிடுகிறது. அந்த இறுதி ஏற்றத்தில் சரிபாதியை எட்ட எத்தனை வினாடி ஆயிற்று என்று மட்டும் குறித்துக் கொள்ள வேண்டும். தடிமனை மில்லிமீட்டரில் எழுதி, அதன் வர்க்கத்தை 0.139 ஆல் பெருக்கி, அந்த வினாடிகளால் வகுத்தால் வருவதே பரவுதிறன்.

ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டுக்கு அந்தப் பாதி நேரம் ஏறத்தாழ 1.4 வினாடி. இரண்டு மில்லிமீட்டர் தகட்டுக்கு இரு மடங்கு ஆகும் என்று நினைப்போம். ஆவதோ நான்கு மடங்கு, 5.6 வினாடி. மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்பது மடங்கு. தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து நேரம் வளர்வதே வெப்பம் பரவும் நியதி. இதே ஒரு மில்லிமீட்டர் செம்புத் தகட்டிலோ வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய நேரத்தில் காரியம் முடிந்துவிடும். ஆகவேதான் அந்நால்வரும் வெப்பநிலையின் ஏற்றத்தை அலைவரைவியில் காட்டிப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக்கின் சோம்பல் இந்த இடத்தில் நமக்கு நன்மை செய்கிறது. அதற்கு அத்துணை வேகமான கருவி வேண்டியதில்லை.

இந்த முறையின் சிறப்பு எதில் இருக்கிறது? எவ்வளவு வெப்பம் கொடுத்தோம் என்ற கணக்கு முழுவதும் கழிந்து போகிறது. வெப்பத்தைக் கசியாமல் பிடித்து அளப்பது கடினம். நேரத்தை அளப்பது எளிது. தடிமனை அளப்பது அதனினும் எளிது. கடினமான அளவை ஒன்றை எளிதான இரண்டு அளவைகளாக மாற்றிக் கொடுத்ததே அந்நால்வரின் உதவி. பின்னர் பளிச்சொளி விளக்கின் இடத்தில் லேசர் வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அதே கடற்கரையில், கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அணு உலைகளுக்கான எஃகு வகைகளின் பரவுதிறனை இந்த லேசர் துடிப்பு முறையாலேயே அளந்து ஆராய்ந்திருக்கின்றனர்.

பளிச்சொளி முறை பரவுதிறனை நேராகத் தரும். கடத்துதிறனை நேராக வேண்டுவோருக்கு மற்றொரு வழி உண்டு. 1931-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் ஸ்டால்ஹானேயும் பிக்கும் கையாண்டது. பிளாஸ்டிக் கட்டிக்கு நடுவே மயிரிழை போன்ற ஒரு கம்பியைப் பதித்து, அதில் மாறாத மின்சாரத்தைச் செலுத்துவது. பிளாட்டினக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ 4 பங்கு உயரும். ஆதலால் கம்பியே அடுப்பாகவும் இருக்கிறது, வெப்பமானியாகவும் இருக்கிறது. இத்தகைய சூடேறும் கம்பியைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டவர் ஒருவரை நினைக்க வேண்டும். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்து, புது தில்லியின் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு முதல் இயக்குநராக விளங்கிய கே. எஸ். கிருஷ்ணன், 1950-களில் தம் மாணவரான ஜெயினுடன் சேர்ந்து, வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கோலின் நெடுகிலும் வெப்பநிலை எவ்வாறு அமைகிறது என்பதை நுணுகி ஆராய்ந்தார்.

பிளாஸ்டிக்கினுள் பதிந்த கம்பியின் வெப்பநிலை ஓர் அழகிய ஒழுங்கில் ஏறும். 10-ஆம் வினாடியிலிருந்து 20 வரை எவ்வளவு ஏறுகிறதோ, 20 முதல் 40 வரையிலும் அவ்வளவே ஏறும். 40 முதல் 80 வரையிலும் அவ்வளவே. கம்பியின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 வாட் வீதம் மின்சாரம் செலுத்தினால், கடத்துதிறன் 0.2 உள்ள பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஏறத்தாழ 0.55 டிகிரி ஏறும். கடத்துதிறன் 0.4 ஆனால் அதில் பாதியே ஏறும். ஏற்றம் குறையக் குறைய, வெப்பம் எளிதாக வெளியே போகிறது என்று பொருள்.

மின்சாரத்தை நிறுத்தாமல் விடுவதற்குப் பதிலாகச் சில வினாடிகளில் நிறுத்திவிட்டு, கம்பிக்கு நான்கு மில்லிமீட்டர் தள்ளி ஒரு வெப்ப மின்னிரட்டையைப் பதித்துக் காத்திருந்தால், இன்னும் ஒரு நன்மை. துடிப்பு அங்கே வந்து சேர்ந்து, உச்சத்தைத் தொட்டு, பிறகு தணியும். இரண்டு விவரங்களைக் குறித்துக் கொள்ள வேண்டும்: உச்சம் எப்போது வந்தது, எவ்வளவு உயரம் வந்தது.

எப்போது வந்தது என்பது பரவுதிறனைச் சொல்லும். தூரம் 4 மில்லிமீட்டர். அதன் வர்க்கம் 16. உச்சம் 40 வினாடியில் வந்ததானால், 40-ஐ நான்கால் பெருக்கினால் 160. பதினாறை 160 ஆல் வகுத்தால் 0.1. அதுவே பரவுதிறன். மாணவர் எவரும் போடக்கூடிய கணக்கு. எவ்வளவு உயரம் வந்தது என்பது தாகத்தைச் சொல்லும். பொருள் மிகுதியாக வெப்பத்தை உண்டால் உச்சம் தாழ்ந்து தெரியும். இதற்கு மட்டும் கொடுத்த வெப்பத்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும். மின்சாரமாதலால் அது கடினமன்று. இரண்டையும் பெருக்கினால் கடத்துதிறனும் கிடைத்துவிடும். ஒரே ஒரு தட்டு, மூன்று விடைகள். பத்துச் சென்டிமீட்டர் நீளக் கம்பிக்கு 25 ஜூல் கொடுத்தால் நான்கு மில்லிமீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். ஒரு தேக்கரண்டித் தண்ணீரை ஒரு டிகிரிக்குச் சற்று மேலாகச் சூடேற்றப் போதுமான வெப்பமே அது. அதனால் பிளாஸ்டிக் இளகுவதும் இல்லை. ஈரம் இடம் பெயர நேரமும் இல்லை.

பின்னர் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கஸ்தாஃப்சன் என்பவர் கம்பியைச் சுருளாகத் தட்டையாக்கி, இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவே வைத்தார். பொருளின் இரு துண்டுகளுக்கு இடையே இதைச் செருகிச் சற்று நேரம் மின்சாரம் கொடுத்தால் போதும், துளையிட வேண்டியதில்லை. பிளாஸ்டிக்குகளுக்கான சர்வதேசத் தர விதிகளில் இம்முறை 2008-இல் இடம் பெற்றது.

எளிய முறை என்றாலும் சில கவனங்கள் வேண்டும். கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்கில் ஒளி முன்முகத்தில் நிற்காமல் ஊடுருவிவிடும். ஆதலால் கிராஃபைட்டைப் பூசி மறைக்க வேண்டும். குளத்தில் கல்லெறிந்தால் அலை கரையில் மோதித் திரும்பும். அதற்குமுன் பார்த்தால்தான் அலையின் இயல்பான வடிவம் தெரியும். அதுபோலக் கம்பி முறையில் வெப்பம் கட்டியின் விளிம்பைத் தொடுவதற்கு முன் அளவை முடித்துவிட வேண்டும். கம்பிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே காற்று தங்கினால் முதற்சில வினாடிகளின் அளவுகளை நம்பலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது திசை. பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கும் சிக்குநூற்கண்டு. வெப்பம் சங்கிலியின் வழியே எளிதாக ஓடும். ஒரு சங்கிலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவத் தயங்கும். இழுத்து நீட்டப்பட்ட பிளாஸ்டிக்கில் சங்கிலிகள் ஒரே திசையில் படுத்திருப்பதால் அந்தத் திசையில் கடத்துதிறன் மிகும். 2010-இல் அமெரிக்காவில் கேங் சென் என்பவரின் குழுவினர், மிக மெல்லிய இழையாக இழுத்து நீட்டிய பாலிஎத்திலீனில் கடத்துதிறன் 104 வரை உயர்வதைக் கண்டனர். இரும்பைக் காட்டிலும் மிகுதி! சாதாரணப் பாலிஎத்திலீனில் அது 0.5-ஐத் தாண்டுவது அரிது. பெயர் ஒன்று; பொருளின் அமைப்பு வேறு; எண்ணும் வேறு.

ஆகவே நான் வற்புறுத்த விரும்புவது இதுதான். பிளாஸ்டிக்கின் கடத்துதிறன் இவ்வளவு என்று அட்டவணையில் அச்சிட்ட எண், அன்று அளக்கப்பட்ட அந்தத் துண்டுக்கு உரியது. நம் கையிலுள்ள துண்டில் சுண்ணப்பொடி கலந்திருக்கலாம். கண்ணாடி இழை சேர்ந்திருக்கலாம். அது வெயிலில் பத்து ஆண்டு காய்ந்திருக்கலாம். அதன் எண்ணை அறிய அதையேதான் அளக்க வேண்டும். முன்பு அது ஒரு பகற்பொழுதின் வேலை. துடிப்பு முறையால் அது சில நிமிட வேலையாகிவிட்டது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அச்சில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிப் பொருள் செய்யும் சிறு தொழிற்கூடத்தை எடுத்துக் கொள்வோம். அங்கே உருக்குவதைவிட ஆறவைப்பதே நெடுநேரம் பிடிக்கும். 230 டிகிரியில் உருகிய பிளாஸ்டிக் 40 டிகிரி அச்சுக்குள் புகுந்து 90 டிகிரிக்கு ஆற வேண்டுமானால், சுவர் இரண்டு மில்லிமீட்டராயின் ஏறத்தாழ 6 வினாடி. நான்கு மில்லிமீட்டராயின் ஏறத்தாழ 26 வினாடி. பரவுதிறனில் பத்தில் ஒரு பங்கு தவறினால் இந்த நேரமும் அதே அளவு தவறும். நேரம் குறைந்தால் பொருள் கோணிப்போகும்; கூடினால் நாள் முழுவதும் கூலியும் மின்சாரமும் வீண். பிளாஸ்டிக் தொழிலுக்குப் பயிற்சியும் பரிசோதனை வசதியும் அளிப்பதற்கென்றே சென்னை கிண்டியில் மத்திய அரசு 1968-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. சிப்பெட் என்று பலரும் அறிந்த நிறுவனம் அது.

பூமியில் மட்டும் இம்முறை நின்றுவிடவில்லை. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. அதிலிருந்த ஒரு கருவி, பத்து வெப்பநிலை உணரிகளும் ஒரு சூடேற்றியும் கொண்ட கோலை நிலவின் மண்ணில் செருகியது. அந்த மண்ணைச் சற்றே சூடேற்றிப் பார்த்துக் கணக்கிட்டதில் கடத்துதிறன் 0.012 அளவே என்று தெரிந்தது. அசையாத காற்றின் கடத்துதிறனில் பாதிக்கும் குறைவு. காற்றே இல்லாத இடத்தில் கிடக்கும் பொடி அல்லவா! அங்கேயும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சிறிது சூடு கொடுத்தால் அது எவ்வளவு மெதுவாகப் போகிறது?

இனி நம் வாசலுக்கே வருவோம். தமிழ்நாட்டில் புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். கிராம சுகாதாரச் செவிலியர் தோளில் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியை மாட்டிக்கொண்டு வருவதை ஊரப்பாக்கத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் காணலாம். உள்ளே நான்கு ஐஸ் பொதிகளும் அவற்றின் நடுவே மருந்துக் குப்பிகளும் இருக்கும். அந்த மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையே இருக்க வேண்டும். சூடு ஏறினால் அதன் வீரியம் குறையும். உறைந்து போனாலும் சில மருந்துகள் கெட்டுவிடும். கெட்டுப்போன மருந்தைப் பெரும்பாலும் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. ஊசி போட்டாயிற்று என்று தாய் நிம்மதியாக வீடு திரும்புவாள். குழந்தைக்கோ காப்பு இராது.

வெளியே 38 டிகிரி வெயிலுக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் நடுவே நிற்பது சில சென்டிமீட்டர் பாலியூரித்தேன் நுரையே. அந்த நுரையின் நுண்ணறைகளில் தொழிற்சாலையில் நிரப்பிய வாயு, காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்துவது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெல்ல வெளியேறிக் காற்று உட்புகும். பெட்டி கீழே விழுந்து ஓட்டில் கீறல் கண்டால் ஈரமும் புகும். தண்ணீரின் கடத்துதிறன் நுரையைப்போல் இருபது மடங்குக்கும் மேல் என்பதை முன்னே கண்டோம். வெளித்தோற்றத்தில் பழைய பெட்டியும் புதிய பெட்டியும் ஒன்றாகவே இருக்கும். அட்டவணையைக் கேட்டால் அது புதிய நுரையின் எண்ணையே சொல்லும். நெடுநேரம் சூடேற்றி அளந்தால் ஈரம் இடம்மாறி உண்மையை மறைத்துவிடும். சில வினாடித் துடிப்போ, அன்று அந்தச் சுவர் இருக்கும் நிலையை உள்ளபடியே சொல்லும்.

ஆகவே, இனி ஒருவர் ஒரு பிளாஸ்டிக்கைக் காட்டி, இது இவ்வளவு வெப்பத்தைத்தான் கடத்தும் என்று ஓர் எண்ணைச் சொன்னால், அவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் துண்டில் அளந்தது? எந்தத் திசையில்? எந்த வெப்பநிலையில்? அளந்து எத்தனை ஆண்டாயிற்று? நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களும், எண்ணை மனப்பாடம் செய்விப்பதோடு இந்தக் கேள்விகளையும் கேட்கப் பழக்குவார்களாயின், அவர்களுள் ஒரு சிலராவது நாளை அந்தப் பெட்டிகளைத் தட்டிப் பார்க்கும் கருவிகளை அமைப்பார்கள் என்று நம்புகிறேன்.